திரும்பி வர பஸ் காசு

நண்பர்கள் குழுவில் பயணத் திட்டம் போடும் வேலை எப்போதும் என் தலையில்தான் விழும். யாரும் ஒப்படைத்ததில்லை. கல்லூரி மூன்றாம் ஆண்டில் ஏலகிரிக்குப் போனபோது ஒரு எக்செல் ஷீட் போட்டேன். அதிலிருந்து இது என் துறை ஆகிவிட்டது. பஸ் எத்தனை மணிக்கு, அறை வாடகை தலைக்கு எவ்வளவு, மழை வந்தால் எங்கே போவது, யாருக்கு முட்டை ஆகாது எல்லாம் அதில் இருக்கும். கடைசி வரியில் 'இதர செலவு' என்று தலைக்கு ஐந்நூறு ரூபாய் போட்டு வைப்பேன். எந்தப் பயணத்திலும் அந்த ஐந்நூறு மிஞ்சியதில்லை.

2024 பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தேன். கல்லூரி நண்பன் ஒருவனுக்கு மார்ச்சில் கல்யாணம். அதற்குள் ஐந்து பேரும் கோவா போய் வரவேண்டும். இரண்டு இரவு, அதில் ஒரு இரவு மாண்டவி ஆற்றில் நிற்கும் கேசினோ கப்பல். வாட்ஸப்பில் ஒருத்தன் எழுதினான்: "மச்சி, ஷீட் ரெடி பண்ணு." நான் கட்டைவிரலை உயர்த்திவிட்டு வைத்துவிட்டேன்.

காணும் பொங்கலன்று அப்பா, அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு கல்வராயன் மலைக்குப் போனோம். கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு அதுதான் கைக்கு எட்டும் சுற்றுலா. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் வழியில் பெரியார் நீர்வீழ்ச்சி. இன்னும் மேலே போனால் கரியாலூர். அங்கே ஒரு சின்ன படகுத் துறையும் சிறுவர் பூங்காவும் இருக்கின்றன. அம்மா புளிசோறும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டி எடுத்து வந்திருந்தாள். சாப்பிட்டு முடித்து அவள் கைப்பிள்ளைகளோடு வந்திருந்த யாரோ ஒரு குடும்பத்தோடு பேச்சில் இறங்கிவிட, நான் தண்ணீரைப் பார்த்தபடி மடிக்கணினியைத் திறந்து கோவா ஷீட்டை ஆரம்பித்தேன். பக்கத்தில் அப்பா.

"என்னடா அது?"

"கோவாப்பா. பிரெண்ட்ஸோட."

அப்பாவுக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும். ஏழாவது வரியைக் கண்ணாடியை ஏற்றிப் படித்தார். கேசினோ, தலைக்கு 3,000, உணவு உட்பட. கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, படகுகளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"அங்க மங்காத்தா உண்டா?"

எனக்குக் கை நின்றுவிட்டது. இருபது வருடங்களுக்கு மேல் எங்கள் வீட்டில் யாரும் உச்சரிக்காத சொல் அது. 2011-ல் அந்தப் பெயரில் படம் வந்தபோது ஊரே பார்த்தது. எங்கள் வீட்டில் அதன் பெயரைக்கூட 'அந்த அஜித் படம்' என்றுதான் சொன்னோம்.

*

அப்பா 1990-லிருந்து 2003 வரை இந்த மலையில் வாத்தியார். அவர் வேலைக்குச் சேர்ந்தபோது இது தென்னாற்காடு மாவட்டம், பிறகு விழுப்புரம் மாவட்டம், 2019-லிருந்துதான் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம். மாவட்டம் மாறியதே தவிர, மலை ஏறும் வாத்தியார்களின் வாழ்க்கை நெடுநாள் மாறவில்லை. திங்கட்கிழமை காலையில் ஏறுவார், சனிக்கிழமை இறங்குவார். அம்மா கீழே கள்ளக்குறிச்சியில் வாடகை வீட்டில் தையல் மெஷினோடும் என்னோடும் இருந்தாள்.

மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்களில் இரவு சீக்கிரம் வந்துவிடும். மரவள்ளிக் காட்டு வேலை, கடுக்காய் பொறுக்கும் வேலை என்று அவர்கள் விடியலில் எழவேண்டும். ஏழு மணிக்கு மேல் விழித்திருப்பவர்கள் கீழேயிருந்து வந்தவர்கள் மட்டும்தான். வாத்தியார்கள், வேறு வேறு அலுவலகங்களில் வேலை பார்த்தவர்கள், லாரியோடு தங்கும் வியாபாரிகள். கரண்ட் போனால் எப்போது வரும் என்று தெரியாது. டிவி கிடையாது. ஒரு கடையின் பின்னறையில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் சீட்டுக் கட்டு இருந்தது.

முதலில் ரம்மி. ரம்மிக்குப் பொறுமை வேண்டும்; பதின்மூன்று சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கவேண்டும். மங்காத்தாவுக்கு அது தேவையில்லை. ஒரு சீட்டைத் திருப்பி வைப்பார்கள். பிறகு உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே என்று மாறி மாறிப் போடுவார்கள். திருப்பி வைத்த அதே எண் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் கட்டியவனுக்குக் காசு. ஒரு ஆட்டம் ஒரு நிமிடம்கூட வராது. அறை கொடுத்தவருக்கு ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு பங்கு உண்டு.

அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி அந்த அறைக்குள்தான் போனது. பிறகு வளையல்கள். கச்சிராயபாளையம் ரோட்டில் தாத்தா வாங்கிப் போட்டிருந்த மனையும் போனது.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது ஒரு சனிக்கிழமை அப்பா இறங்கி வரவில்லை. ஞாயிறும் வரவில்லை. திங்கட்கிழமை எனக்குப் பள்ளிக் கட்டணம் கட்டவேண்டிய கடைசி நாள். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு ஞாயிறு கடைசி பஸ்ஸில் மலை ஏறினாள். கரியாலூரில் இறங்கியபோது கண் தெரியாத இருட்டு. யாரோ டார்ச் அடித்து அந்தக் கடை வரை கொண்டு வந்து விட்டார்கள். அம்மா கத்துவாள், சீட்டை வாரிப் போடுவாள் என்று நினைத்தேன். அவள் என்னை மடியில் போட்டுக்கொண்டு அறை வாசலில் உட்கார்ந்தாள். அப்பா நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு, அந்த ஆட்டத்தை முடித்தார். பிறகு இன்னொரு ஆட்டம். நான் தூங்கிவிட்டேன்.

விடிந்ததும் முதல் பஸ். ஏறுவதற்கு முன் அப்பா பஸ் நிறுத்தத்தின் அருகே இருந்த டீக்கடைக்குப் போய்க் கையை நீட்டினார். கடைக்காரர் கல்லாவைத் திறந்து மடித்த நோட்டு ஒன்றையும் சில்லறையையும் கொடுத்தார். அது ஒரு ஆளுக்கான டிக்கெட் காசு. எங்கள் இரண்டு பேர் டிக்கெட்டை அம்மா எடுத்தாள்.

அன்றோடு அப்பா திருந்தினார் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. அப்படி நடக்கவில்லை. இன்னும் இரண்டு வருடம் ஆடினார். 2003-ல் மாற்றல் கிடைத்துக் கீழே வந்த பிறகு நிறுத்தினார். ஏன் ஆடினார், எப்படி நிறுத்தினார் என்று நாங்கள் கேட்டதில்லை.

*

படகுத் துறையில் அப்பாவுக்குப் பதில் சொன்னேன். "உண்டுப்பா. அங்க அதுக்கு அந்தர் பாஹர்னு பேரு."

"உள்ளே வெளியேதானா?"

"அதேதான். இந்தியில."

அப்பா தலையாட்டினார். பிறகு சொன்னார்: "எடுத்துட்டுப் போற காசு போன காசுன்னு நெனச்சுக்கோ. திரும்பி வர பஸ் காசை மட்டும் உன் கையில வச்சுக்காத. ஆடாத ஆளுகிட்ட குடுத்து வை."

"டீக்கடையிலயா?"

என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு ஞாபகம் இருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை போல.

"ஆமா. ஆடப் போறதுக்கு முன்னாடி அவர்கிட்ட குடுத்துடுவேன். நடுராத்திரி போய்க் கதவத் தட்டிக் கேட்டிருக்கேன், எத்தனையோ தடவ. 'கல்லா பூட்டியாச்சு சார், காலைல வாங்க'ம்பாரு. கல்லாவுக்குப் பூட்டே கிடையாது."

*

இங்கே நான் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். அப்பாவுக்கு அன்று தெரியாத விஷயம் இது.

2020 ஏப்ரலில், ஊரடங்கில், கள்ளக்குறிச்சி வீட்டு மாடியறையில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது நான் போனில் ரம்மி ஆட ஆரம்பித்தேன். முதல் ஐம்பது ரூபாயை செயலியே போனஸாகக் கொடுத்தது. நவம்பருக்குள் 1,86,000 ரூபாய் போயிருந்தது. கீழே அப்பா செய்தி பார்த்துக்கொண்டிருப்பார், அம்மா தைத்துக்கொண்டிருப்பாள், மேலே நான் அலுவலக மீட்டிங்கில் மைக்கை அணைத்துவிட்டு சீட்டு அடுக்கிக்கொண்டிருப்பேன். அந்தப் பின்னறையை அப்படியே என் மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பெட்ரோமாக்ஸ்கூடத் தேவைப்படவில்லை.

இதில் ஏமாந்தேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை. அதற்கு முந்தைய வேலையில், மூன்று நாள் செயலியைத் திறக்காதவனுக்கு எந்த நேரத்தில் எந்த நோட்டிபிகேஷன் அனுப்பினால் திரும்பி வருவான் என்று கணக்கிடும் நிரலை நானே எழுதியிருக்கிறேன். அது துணி விற்கும் செயலி, அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு இரவு பதினொன்றரைக்கு 'உங்களுக்காக ஒரு மேசை காத்திருக்கிறது' என்று வரும்போது, பின்னால் ஓடும் நிரல் எப்படி இருக்கும் என்று என்னால் பலகையில் எழுதிக் காட்ட முடியும். தெரிந்துகொண்டே திறந்தேன்.

நிறுத்தியதும் நானாக இல்லை. 2020 நவம்பரில் தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. செயலி என் இருப்பிடத்தைப் பார்த்துவிட்டு வெளியே தள்ளியது. 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தபோது 'மீண்டும் வருக' என்று எஸ்எம்எஸ் வந்தது. பிறகு 2022-ல் புதுச் சட்டம், 2023 நவம்பரில் ரம்மி திறமை சார்ந்த ஆட்டம் என்று மறுபடி ஒரு தீர்ப்பு, 2025 ஆகஸ்டில் காசு வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டங்களுக்கும் நாடாளுமன்றத்தில் தடைச் சட்டம். சட்டப் புத்தகத்திலும் உள்ளே வெளியே, உள்ளே வெளியேதான்.

ஆக, கோவா ஷீட்டில் ஏழாவது வரியை நிரப்பியவன் கொஞ்சமும் அனுபவமில்லாதவன் இல்லை.

*

திட்டம் நன்றாகவே வந்தது. இப்போதும் யாராவது கேட்டால் அதைத்தான் அனுப்புவேன், ஏழாவது வரியை நீக்கிவிட்டு.

பெங்களூரு யஷ்வந்த்பூரிலிருந்து வாஸ்கோ போகும் ரயில். லோண்டா தாண்டி, கேசில் ராக்கிலிருந்து குலேம் வரை ரயில் மேற்குத் தொடர்ச்சி மலையில் இறங்கும்போது தூத்சாகர் அருவி கண்ணெதிரே வரும். மழைக்காலம் என்றால் பெட்டியே நனையும். பிப்ரவரியில் பாறையில் வெள்ளைக் கோடுதான். மட்காவில் இறங்கி பஸ்ஸில் பணஜி. முதல் நாள் மதியம் மீன் சாப்பாடு. சோறு, தேங்காய் அரைத்த மீன் குழம்பு, ரவையில் புரட்டிப் பொரித்த மீன், புளிப்பாய் இளஞ்சிவப்பில் சோல்கடி. மாலை ஃபோன்டெய்னாஸ் தெருக்களில் நடை. போர்த்துகீசியர் காலத்து வீடுகள், மஞ்சள், நீலம், செங்காவிச் சுவர்கள். இரவு கப்பல். மறுநாள் பழைய கோவா, பாம் ஜீசஸ் பேராலயம். நம் முத்துக்குளித்துறைப் பரதவர்களிடம் வந்து மதம் பரப்பிய பிரான்சிஸ் சேவியரின் உடல் அங்கேதான் இருக்கிறது. அங்கிருந்து திவார் தீவுக்குப் படகு. நடந்து ஏறுபவர்களுக்கு டிக்கெட் கிடையாது.

கேசினோவைப் பற்றித் தேடியபோது ஒரு விஷயம் புரிந்தது. கோவாவின் சூதாட்டச் சட்டம் 1976-ல் வந்தது. 1992 திருத்தம் ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் இயந்திரங்களை மட்டும் அனுமதித்தது. பிறகு வந்த திருத்தம்தான் சீட்டு போடும் மேசையை அனுமதித்தது, அதுவும் கப்பலில் மட்டும். அதனால்தான் நகராத கப்பல்கள் மாண்டவியில் நங்கூரம் போட்டு நிற்கின்றன. கரையிலிருந்து சின்னப் படகில் ஏற்றிக்கொண்டு போய் விடுவார்கள். கப்பல் பயணம் என்று நினைத்துக்கொண்டு வருபவர்கள் உண்டு. கப்பல் எங்கும் போகாது.

இன்னொன்று. 2020 பிப்ரவரி 1 முதல் கோவாக்காரர்கள் இந்தக் கேசினோக்களில் ஆடக்கூடாது. மொனாக்கோவிலும் அந்நாட்டுக் குடிமக்களுக்கு அனுமதியில்லை. நேபாளத்திலும் அப்படியே. மலேசியாவின் கெந்திங் மலையில் முஸ்லிம்கள் உள்ளே போக முடியாது. சிங்கப்பூரில் குடிமக்கள் ஒரு நாள் நுழைவதற்கு மட்டும் 150 டாலர் கட்டவேண்டும், வெளிநாட்டுக்காரனுக்கு இலவசம். ஊரை நடத்துபவர்களுக்கு இது என்ன செய்யும் என்று நன்றாகத் தெரியும். தன் பிள்ளைக்கு ஊட்டமாட்டார்கள். விருந்தாளிக்கு இலை போடுவார்கள். 'குட்டிச் சுற்றுலா' என்பதே இந்தத் தொழிலின் பாதி. தோற்றவன் அழுதுகொண்டே வேறு ஊருக்குப் போய்விடவேண்டும். அவன் பெண்டாட்டி அவர்கள் வாசலில் வந்து உட்காரக்கூடாது.

அதைப் படித்தபோது கரியாலூர் பின்னறை நினைவுக்கு வந்தது. அங்கே ஆடியவர்கள் எல்லோரும் வெளியூர்க்காரர்கள். அப்பா கள்ளக்குறிச்சியில் இருந்தவரை சீட்டைத் தொட்டதில்லை. அந்த மலையில் அவர் பதின்மூன்று வருடம் சுற்றுலாப் பயணியாகவே இருந்துவிட்டார்.

*

நான் பொறியாளன். கணக்குப் போடாமல் போவேனா?

ரூலெட்டில் பூஜ்யத்தோடு சேர்த்து 37 எண்கள். சிவப்பு 18, கறுப்பு 18. சிவப்பில் கட்டினால் வீட்டுக்கு 2.7 சதவீதம் சாதகம். மங்காத்தாவில் சீட்டு முதலில் விழும் பக்கத்துக்கு ஏறக்குறைய 51.5 சதவீத வாய்ப்பு. அதனால் அந்தப் பக்கம் ஜெயித்தால் நூற்றுக்குத் தொண்ணூறுதான் கொடுப்பார்கள். மற்ற பக்கத்துக்கு முழு நூறு. பெருக்கிப் பார்த்தால் முதல் பக்கத்தில் வீட்டுக்கு 2.15 சதவீதம், மறுபக்கத்தில் 3 சதவீதம். நம் ஊர் கந்துவட்டியோடு ஒப்பிட்டால் இது தர்மம்.

அப்படியென்றால் எல்லோரும் ஏன் எல்லாவற்றையும் தோற்கிறார்கள்? பைத்தானில் பத்தாயிரம் இரவுகளை ஓட்டிப் பார்த்தேன். கையில் 5,000 ரூபாய். ஒவ்வொரு முறையும் சிவப்பில் 500. மணிக்கு 60 சுற்று, நான்கு மணி நேரம். மூன்றில் இரண்டு இரவுகளில் நான்கு மணி நேரம் முடிவதற்குள் பை காலி. ஆளைக் காலி செய்வது அந்த 2.7 மட்டும் இல்லை. திரும்பத் திரும்பக் கட்டுவதுதான். ஐயாயிரத்தை ஒரே தடவையில் கட்டி எழுந்துவிட்டால் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆனால் ஒரு நிமிடத்தில் எழுந்து வர யாராவது தலைக்கு மூவாயிரம் கொடுத்துக் கப்பலேறுவார்களா?

மகாபாரதத்திலும் இது இருக்கிறது. தருமன் நாட்டையும் தம்பிகளையும் பாஞ்சாலியையும் தோற்ற ஆட்டம் எல்லோருக்கும் தெரியும். அந்த ஆட்டத்தில் தோற்றது எல்லாம் திரும்பக் கிடைத்துவிட்டது. திருதராஷ்டிரன் பாஞ்சாலிக்கு வரம் கொடுத்து அனுப்பிவைத்தான். வனவாசம் வந்தது இரண்டாவது ஆட்டத்தில். பாதி வழியில் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள், தருமன் திரும்பிப் போய் உட்கார்ந்தான். எனக்கு வந்த எஸ்எம்எஸ்ஸும் அதே ரகம்.

கணக்கு எல்லாம் ஷீட்டில் இருந்தது. 'கேசினோ: அதிகபட்ச இழப்பு 5,000' என்று சிவப்புக் கட்டமும் இருந்தது. அப்பா சொன்னபடி, படகில் ஏறுவதற்கு முன் டெபிட் கார்டையும் போனையும் கல்யாண மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். அவன் சீட்டாடமாட்டான். சாப்பாட்டுக்காகவும் பாட்டுக்காகவும் வந்தவன்.

*

சாப்பாடு நன்றாகவே இருந்தது. தந்தூரி, இறால், பிரியாணி, பேபிங்கா என்று அடுக்கடுக்காய் ஒரு முட்டைக் கேக். மேடையில் யாரோ பழைய இந்திப் பாட்டு பாடினார்கள். நான் சாப்பிட்டு முடிக்கவில்லை.

மங்காத்தா மேசையில் சீட்டு போட்ட பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். முகத்தில் எதுவும் இல்லை. அந்தர், பாஹர், அந்தர், பாஹர். என் காதில் உள்ளே, வெளியே என்றுதான் விழுந்தது. முதல் அரை மணியில் 3,500 மேலே இருந்தேன். எனக்கு உள்ளே ஏதோ ஒன்று இளகியது. இப்படித்தான் இருந்திருக்கிறார் அப்பா என்று தோன்றியது. அவர் மேல் இத்தனை வருடமாக இருந்த கோபம் அந்த மேசையில்தான் கொஞ்சம் குறைந்தது. குறைந்ததற்கு நான் கொடுத்த விலையும் அங்கேதான்.

ஒரு மணி நாற்பது நிமிடத்தில் எல்லாம் போயிற்று. சிவப்புக் கட்டம் நிரம்பிவிட்டது. எழுந்து நண்பனிடம் போனேன்.

"மச்சி, கார்டைக் குடு."

அவன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டான். ஒரு கேள்வி கேட்கவில்லை. "உன் காசு, உன் இஷ்டம்டா" என்று சிரித்தான். அவனைக் குறை சொல்லமாட்டேன். ஏன் கொடுக்கிறேன் என்று அவனிடம் நான் சொல்லவே இல்லை. 2020 பற்றிச் சொல்லவில்லை. டீக்கடையைப் பற்றிச் சொல்லவில்லை. என் கார்டைப் பத்திரமாக வைத்துக்கொள் என்று மட்டும்தான் சொன்னேன். அவன் பத்திரமாக வைத்திருந்தான்.

இருபதாயிரம் தேய்த்தேன். சிப் வாங்கும் தொகைக்கே அப்போது 28 சதவீதம் ஜிஎஸ்டி. 2025 செப்டம்பரிலிருந்து அது 40. எந்த மேசையிலும் இவ்வளவு பெரிய சாதகம் வீட்டுக்குக் கிடையாது, ஆனால் அந்த நேரத்தில் எனக்கு எந்தச் சதவீதமும் நினைவில் இல்லை. மூன்றரை மணிக்கு மேல்தளத்தில் தனியாக நின்றேன். எதிரே பணஜியின் விளக்குகள் எல்லாம் அதே இடத்தில் இருந்தன. நான் ஏறியபோது எங்கே நின்றதோ அங்கேயேதான் நின்றது கப்பல்.

மறுநாள் திவார் தீவுக்குப் போகும் படகில் மீன்கூடைக்காரப் பெண்களுக்கு நடுவில் நின்று வந்தேன். கன்னத்தில் வெயில் பட்டது. யாருக்கும் டிக்கெட் இல்லை. எனக்கு அழுகை வந்தது, தூக்கக் கலக்கம் என்று சொல்லிக்கொண்டேன்.

பெங்களூரு வந்ததும் வழக்கம்போல் கணக்கு முடித்து ஷீட்டைக் குழுவில் போட்டேன். ஏழாவது வரியில் என் பெயருக்கு நேரே 5,000 என்றே எழுதினேன். மிச்சத்துக்கு ஒரு பத்தியைச் சேர்த்து, அதை மறைத்து வைத்தேன். எக்செல்லில் அது சுலபம். வலது கிளிக், ஹைட்.

*

அந்த ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். எங்கள் ஊர் பெயர் இந்தியா முழுக்கத் தெரிந்தது அப்படித்தான். ஆகஸ்டில் ஊருக்குப் போனபோதும் ஊரில் அதே பேச்சு. "தெரிஞ்சும் ஏன்டா குடிக்கிறானுங்க?" என்று ஒருவர் சலூனில் கேட்டார். பக்கத்தில் முகச்சவரத்துக்குக் காத்திருந்த அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "தெரிஞ்சேதான்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

திருக்குறளில் சூது 94-ஆவது அதிகாரம். அதற்கு முன்னால் கள்ளுண்ணாமை. அதற்குப் பின்னால் மருந்து. இந்த வரிசையைப் பள்ளியில் ஒப்பித்திருக்கிறேன். சலூன் நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் அது வரிசை என்று உறைத்தது.

மறுநாள் அப்பாவிடம், "கரியாலூர் போலாமாப்பா, நாம ரெண்டு பேரு மட்டும்" என்றேன். ஷீட் எதுவும் போடவில்லை. பஸ்ஸில் போனோம். மலைப்பாதையில் இரண்டு இடத்தில் நிறுத்திப் பைகளைச் சோதித்தார்கள். மேலே மழை பெய்து ஓய்ந்திருந்தது. மரவள்ளி இலைகளில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு கடையில் வேகவைத்த கிழங்கும் மிளகாய்ச் சட்னியும் சாப்பிட்டோம். அந்தப் பின்னறை இருந்த கடை இப்போது செல்போன் ரீசார்ஜ் கடை. டீக்கடை இருந்த இடத்தில் காங்க்ரீட் வீடு. டீக்கடைக்காரர் இறந்து பல வருடம் ஆகிறது என்றார்கள்.

படகுத் துறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். 1,86,000. இருபத்தைந்தாயிரம். கார்டைக் கேட்டது. மறைத்து வைத்த பத்தி.

அப்பா நடுவில் ஒன்றும் கேட்கவில்லை. திட்டுவார், அல்லது அழுவார் என்று எதிர்பார்த்தேன். நான் முடித்ததும், "கடன் ஏதாச்சும் இருக்கா?" என்றார்.

"இல்லப்பா."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லிடு." கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தார். "நான் சொல்லல. அவளா பஸ் ஏறி வந்து பாத்தா. அன்னிக்கு நீ தூங்கிட்ட. அந்த ஆட்டம் முடிய மூணு மணியாச்சு. அவ தூங்கல."

திரும்பி வரும்போது அப்பாவே டிக்கெட் எடுத்தார், இரண்டு பேருக்கும்.

அம்மாவிடம் அன்றிரவே சொன்னேன். மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். அப்பா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "எவ்ளோ?" தொகையைச் சொன்னேன். எழுந்து உள்ளே போனாள். அன்று யாரும் சாப்பிடவில்லை.

இப்போது சம்பளம் வந்ததும் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போக மிச்சம் அம்மா கணக்குக்குப் போய்விடுகிறது. அவளுக்கு ஜிபே தெரியாது, கற்றுக்கொள்ளவும் மாட்டேன் என்கிறாள். நண்பனிடமும் 2020-லிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் என்னைவிட அதிகமாக வருத்தப்பட்டான். ஷீட்டில் அந்தப் பத்தியைத் திறந்து வைத்திருக்கிறேன்.

போன மாதம் இரவு பதினொரு மணிக்கு அம்மாவுக்கு போன் செய்து அவசரமாகப் பத்தாயிரம் வேண்டும் என்றேன். உண்மையிலேயே வண்டி ரிப்பேர்தான்.

"பேங்க் பூட்டியிருக்கும்டா," என்றாள். "காலைல பேசு."